அருவத்தின் அரசியல்: கோட்டிங்கன் கணிதத்துறையில் எம்மி நோதரின் உரைகள்

1916-17 குளிர்காலப் பருவத்துக்காக ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அச்சிட்ட பாட அட்டவணையில் ஓர் அறிவிப்பு வருகிறது. கணித-இயற்பியல் கருத்தரங்கு. பொருள், மாறாமைக் கோட்பாடு. நடத்துபவர், பேராசிரியர் ஹில்பர்ட். உதவி, டாக்டர் இ. நோதர். திங்கள்தோறும் 4 மணி முதல் 6 மணி வரை. கட்டணம் இல்லை.

இந்த நாலு வரியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம். கரும்பலகை முன்னால் நின்று பேசியவர் 'உதவி' என்று போடப்பட்டவர். பெயர் மட்டும் டேவிட் ஹில்பர்ட்டுடையது. காரணம், எம்மி நோதர் ஒரு பெண். பல்கலைக்கழகத்தில் சொந்தப் பெயரில் விரிவுரை நிகழ்த்தும் தகுதிப்பேற்றைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று 1908-இல் பிரஷ்ய அரசு ஆணையே போட்டிருந்தது. 'கட்டணம் இல்லை' என்பதைத் தாராளம் என்று படித்துவிடக் கூடாது. நிரந்தரப் பதவி இல்லாத விரிவுரையாளர்கள் அன்று மாணவர் கட்டிய கட்டணத்தில்தான் காலம் தள்ளினார்கள். நோதருக்கு அதுவும் கிடையாது என்று அர்த்தம்.

இதையெல்லாம் தமிழ்ச் சிறுபத்திரிகையில் எதற்காகச் சொல்ல வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். நான் கணிதம் படித்தவனில்லை, தமிழ் எம்.ஏ. ஆனால் 'அமைப்பு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்! 1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு அந்தச் சொல் இல்லாமல் இங்கே விமரிசனமே நடக்கவில்லை. முற்போக்கு நண்பர்களுக்கு அது வாழ்க்கையை உதறிவிட்டு வெறும் கோடுகளைப் பிடித்துக்கொள்ளும் வித்தை. 'அருவம்' என்பது அவர்களிடம் ஒரு வசைச்சொல். எதிர்முகாமில் உள்ளவர்களுக்கோ அருவம் ஒரு கோயில் பிராகாரம். உள்ளே வந்துவிட்டால் சாதி, கட்சி, பசி எதுவும் ஒட்டாது என்கிறாங்க. இந்த ரெண்டு பேச்சும் ஒரே பேச்சுதான். அருவம் உலகத்துக்கு வெளியே இருக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அது உண்மையா என்று பார்க்க அருவமே தொழிலாக இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகக் கணிதத்துறையில் நவீன இயற்கணிதம் பற்றி நடக்கும் ஆய்வுரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்த உரைவடிவம் பிறந்த அறைகளில் முக்கியமானது நோதரின் அறை.

எம்மி நோதர் 1882-இல் எர்லாங்கன் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மாக்ஸ் நோதரும் அங்கே கணிதப் பேராசிரியர். 1900-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் 986 மாணவர்களில் பெண்கள் இருவர். இருவருமே ஆசிரியரின் அனுமதியோடு உட்கார்ந்து கேட்பவர்கள்தான். 1907-இல் பால் கோர்டான் என்ற பேராசிரியரிடம் நோதர் முனைவர் பட்டம் வாங்குகிறார். ஆய்வேட்டின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் போட்டுக் கண்டுபிடித்த 331 கோவைகள். கோர்டான் அப்படிப்பட்ட ஆள், எதையும் கணக்குப் போட்டு எழுதிக்காட்டினால்தான் நம்புவார். பின்னாளில் இந்த ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டால் நோதர் குப்பை என்று ஒதுக்கிவிடுவாராம். பிறகு ஏழெட்டு வருஷம் எர்லாங்கனில் சம்பளமில்லாமல் வேலை. தந்தைக்கு உடம்பு முடியாதபோது அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்தார்.

1915-இல் ஹில்பர்ட்டும் ஃபெலிக்ஸ் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைக்கிறார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியலில் எழுந்த ஒரு சிக்கலுக்கு அவருடைய மாறாமைக் கோட்பாட்டு அறிவு தேவைப்பட்டது. வந்த இடத்தில் தகுதிப்பேற்றுக்கு விண்ணப்பித்தால் எதிர்ப்பு வந்தது. முக்கியமாக எங்கிருந்து? மொழியியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் இருந்த தத்துவப் புலத்திலிருந்து. நம்ம ஆட்கள்தான். மானுடவியல் துறைக்காரர்கள் மனிதத்தன்மைக்குக் காவலர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பதா என்று பேசினார்களாம். இது பல்கலைக்கழகம், குளியல் கட்டடம் இல்லை என்று ஹில்பர்ட் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஹில்பர்ட்டின் பெருந்தன்மைக்குச் சான்றாக எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரது ஆதரவு உண்மையானதுதான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அட்டவணையில் ஹில்பர்ட்டின் பெயர்தான் இருந்தது.

1918-இல் நோதர் எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் இயற்பியலின் அடித்தளங்களில் ஒன்று. இயற்கையின் ஒவ்வொரு தொடர் சமச்சீரும் ஒரு அழியாமை விதியைத் தருகிறது என்பது அதன் சாரம். விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதால் ஆற்றல் அழிவதில்லை. அந்தக் கட்டுரையை கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தவர் கிளைன். நோதர் கழகத்தின் உறுப்பினர் இல்லை. முடியாட்சி விழுந்து குடியரசு வந்த பிறகு, 1919-இல்தான் தகுதிப்பேறு கிடைத்தது. 1922-இல் பேராசிரியர் பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. மறுவருஷம் இயற்கணிதம் கற்பிக்க என்று ஒரு சிறு ஊதியம்.

இனி பலகையில் என்ன எழுதினார் என்று பார்ப்போம். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு அரசியலை மட்டும் பேசுவது நமக்குப் பழகிப்போன சோம்பேறித்தனம்.

முழு எண்களைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். பள்ளியில் படித்த எக்ஸ், ஒய் கோவைகளையும் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். எண் வேறு, கோவை வேறு. செய்கைகள் கட்டுப்படும் விதிகள் மட்டும் ஒன்றாக இருக்கின்றன. அப்படிப்பட்ட எல்லாவற்றுக்கும் 'வளையம்' என்று பெயர். இப்போது 48-இன் மடங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை எல்லாம் 24-இன் மடங்குகளுக்குள் அடக்கம். 24-இன் மடங்குகள் 12-இன் மடங்குகளுக்குள், 12 ஆறுக்குள், ஆறு மூன்றுக்குள், மூன்று ஒன்றுக்குள். ஒன்றின் மடங்கு என்றால் எல்லா முழு எண்களும்தான். அதற்கு மேல் போக இடமில்லை, சங்கிலி நின்றுவிடுகிறது. எந்த எண்ணில் தொடங்கி மேலே ஏறினாலும் எங்கேயோ நின்றுதான் ஆக வேண்டும்.

1921-இல் வந்த தமது கட்டுரையில் நோதர் கேட்டது இதுதான்: ஒரு வளையத்தில் ஏறிக்கொண்டே போகும் சங்கிலி எல்லாமே எங்கேயோ நின்றுவிடுகிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமா? வளையத்துக்குள் இருப்பது எண்ணா, கோவையா, வேறு எதுவுமா என்பதை மறந்துவிட்டால் என்ன? போதும் என்று காட்டினார். 1905-இல் இம்மானுவேல் லாஸ்கர், அதே சதுரங்க உலக சாம்பியன்தான், கோவைகளுக்கு மட்டும் மிகக் கடினமான கணக்குகள் வழியே நிறுவிய ஒரு பகுப்பு முடிவு, நோதரிடம் இந்த ஒற்றை நிபந்தனையிலிருந்து கிடைத்துவிட்டது. 331 கோவைகளை உட்கார்ந்து எழுதிய அதே கை எழுதியது இது. எனக்கு இது ஒரு பெரிய இலக்கிய நிகழ்வாகவே படுகிறது. ஒரு எழுத்தாளர் தன் முதல் நாவலின் அத்தனை வர்ணனைகளையும் தூக்கி எறிந்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தது மாதிரி.

ஆய்வுரையில் இது எப்படிக் கேட்கும்? ஒருமுறை ஒரு பல்கலைக்கழகக் கணிதத்துறையில் இயற்கணிதம் பற்றிய உரை ஒன்றைப் பின்வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் எதுவும் புரியவில்லை. அதில் குறையும் இல்லை, அந்த அறையிலேயே பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று தேநீரின்போது அவர்களே சொன்னார்கள். ஆனால் ஒரு வாக்கிய அமைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. உரை ஆங்கிலத்தில் நடந்தாலும் நம் பாடநூல் தமிழில் அதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது. "ஆர் என்பது ஒரு வளையம் என்க." இந்த 'என்க'தான் விஷயம். வியங்கோள் வினைமுற்று. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நம் இலக்கணம் அதற்கு நாலு பொருள் சொல்லும். கணிதத்தில் வருவது விதித்தலுக்கும் வேண்டலுக்கும் இடையில் நிற்கிறது. 'இப்படி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள், தயவுசெய்து' என்று கேட்பது போலவும் இருக்கிறது, 'இருக்கட்டும்' என்று உலகத்தையே படைப்பது போலவும் இருக்கிறது. இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் கேட்பவர்கள் அத்தனை பேரும் பேனாவை எடுத்து எழுதிக்கொள்கிறார்கள். ஏன் ஆர், எதற்கு வளையம் என்று யாரும் கேட்பதில்லை.

'என்க' சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி கணிதத்துக்குள் எழாது. எவர் சொன்னாலும் நிறுவல் நிறுவல்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு அறை வேண்டும், பலகை வேண்டும், அட்டவணையில் ஒரு வரி வேண்டும். கோட்டிங்கனில் நோதர் 'என்க' என்று சொன்னபோது தாள் கணக்கில் அதைச் சொன்னவர் ஹில்பர்ட். நிறுவலுக்குள் வளையத்தின் பிறப்பை மறந்துவிடலாம் என்று கற்பித்தவரின் பிறப்பை அந்தத் துறை ஒரு நிமிஷமும் மறக்கவில்லை.

இந்த இரண்டு மறதிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம்முடைய சண்டைகள் முடிவதே இல்லை. கணிதம் எதை விட்டுவிடுகிறது என்பதை முதல் வரியிலேயே எழுதிவைத்துவிட்டு விடுகிறது. வளையம் என்க, சங்கிலிகள் நிற்கும் என்க, அவ்வளவுதான், இதற்கு மேல் எதையும் பயன்படுத்தமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறது. வாக்கை மீறினால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரும் கை தூக்கிக் கேட்கலாம். நிறுவனம் அப்படி எழுதிவைப்பதில்லை. எங்களுக்கு ஆண், பெண், சாதி, மதம் எதுவும் தெரியாது என்று வாயால் சொல்லும். எந்த வரியில் அதை மீறியது என்று கை தூக்கிக் கேட்க அங்கே வழி இல்லை. அருவத்தை வசையாக்கிய நண்பர்கள் கோபப்பட வேண்டியது இந்த இரண்டாவதன்மேல்.

நோதர் நல்ல பேச்சாளர் இல்லை. கேட்ட பலரும் இதை எழுதியிருக்கிறார்கள். வேகமாகப் பேசுவார், பாதி வாக்கியத்தில் அடுத்த எண்ணத்துக்குத் தாவுவார், முடிந்த விஷயத்தை ஒப்பிக்க மாட்டார், பலகை முன்னாலேயே யோசிப்பார். முதல்முறை வருகிறவர்கள் ஓடிப்போய்விடுவார்கள். தங்கியவர்கள் ஒரு சிறு கூட்டம், 'நோதரின் பையன்கள்' என்று ஊரில் பெயர். விடுமுறை நாளில் கட்டடம் பூட்டியிருந்தால் படிக்கட்டில் வகுப்பு, பிறகு காட்டு வழியே நடந்துகொண்டு வகுப்பு. 1924-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த வான் டெர் வேர்டன் என்ற இளைஞர் இந்தக் குழப்பமான பேச்சைத் தெளிவாக எழுதும் கை படைத்தவர். 1930-31-இல் அவர் இரண்டு பாகமாக வெளியிட்ட 'நவீன இயற்கணிதம்' உலகம் முழுக்கப் பாடநூலானது. எமில் ஆர்ட்டின், எம்மி நோதர் இருவரின் விரிவுரைகளைப் பயன்படுத்தி எழுதியது என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஆசிரியர் பாடம் சொல்ல, மாணாக்கர் கேட்டு, பல தலைமுறை வாயிலேயே இருந்து பின் ஏடேறிய இறையனார் களவியலுரையைப் பாடமாகப் படித்த நமக்கு இது புதுசு இல்லை. இங்கே தலைமுறைகள் ஆறேழு வருஷத்துக்குள் சுருங்கிவிட்டன. நோதரே இன்னும் ஒரு படி கீழே போவார். எல்லாம் முன்பே டெடகிண்டிடம் இருக்கிறது என்று தமக்கு முந்தைய தலைமுறைக் கணிதக்காரரைக் காட்டிவிடுவார்.

அந்தப் பலகையிலிருந்து நம்மிடம் 'அமைப்பு' வந்து சேர்ந்த வழி இது. 1920களில் கோட்டிங்கனுக்கு வந்து நோதரின் வட்டத்தில் இந்த இயற்கணிதத்தைக் கற்றவர்களில் பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே வெய்லும் ஒருவர். 1930 முதல் 1932 வரை நம் அலிகார் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த அதே வெய்ல்தான். பாரிஸில் பூர்பாக்கி என்ற கற்பனைப் பெயரில் கணிதம் முழுவதையும் அமைப்புகளின் அறிவியலாகத் திரும்ப எழுத முனைந்த குழுவைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். நாற்பதுகளில் நியூயார்க்கில் அகதியாக இருந்த க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் திருமண விதிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். முதலில் போய்க் கேட்ட மூத்த கணிதக்காரர், கணிதத்துக்குத் தெரிந்தது நாலு செய்கைகள், கல்யாணம் அதில் இல்லை என்று அனுப்பிவிட்டாராம். வெய்ல் சொன்ன பதில் வேறு. கல்யாணம் என்றால் என்ன என்று வரையறுக்கவே வேண்டாம், கல்யாணங்களுக்கு இடையிலான உறவுகள் தெரிந்தால் போதும் என்றார். 1949-இல் வந்த உறவுமுறை பற்றிய நூலில் வெய்லின் இயற்கணிதப் பிற்சேர்க்கை இருக்கிறது. அமைப்பியல் என்று நாம் இங்கே அடித்துக்கொண்ட சரக்கின் ஒரு வேர், சம்பளமில்லாத ஒரு பெண்ணின் திங்கட்கிழமை வகுப்புகளில் இருக்கிறது. சசூரை மேற்கோள் காட்டாத தமிழ் விமரிசகர் இல்லை. நோதர் பெயரை நம் பத்திரிகைகளில் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் அருவம் விடுதலை தருகிறது என்று முடித்துவிடலாமா? 1933 குறுக்கே வருகிறது.

அந்த ஏப்ரலில் நாஜி அரசு கொண்டுவந்த சட்டத்தால் யூதர்களும் அரசியல் எதிரிகளும் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கோட்டிங்கனில் முதல் பட்டியலிலேயே நோதரின் பெயர் இருந்தது. யூதர், பெண், இடதுசாரி, மூன்றும் பொருந்தின. புரட்சிக் காலத்தில் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர், 1928-29 குளிர்காலத்தை மாஸ்கோவில் பாடம் சொல்லிக் கழித்தவர். மார்க்சியச் சாய்வுள்ள யூதப்பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்க மாட்டோம் என்று சக மாணவக் குடித்தனக்காரர்கள் சொல்லி அவரை விடுதியிலிருந்தே வெளியேற்றியதை அலெக்சாந்த்ரோவ் பதிவு செய்திருக்கிறார். (சோவியத்தைச் சொர்க்கமாகப் பார்க்கும் தோழர்களுக்காக ஒன்று: நோதரின் தம்பி ஃப்ரிட்ஸும் கணிதக்காரர். நாஜிகளிடமிருந்து தப்பி சைபீரியாவின் தோம்ஸ்க் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1941-இல் பொய்க் குற்றச்சாட்டில் சோவியத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1988-இல்தான் குற்றமற்றவர் என்றார்கள்.)

துறை பூட்டப்பட்டதும் நோதர் கருத்தரங்கைத் தம் வீட்டுக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். வந்தவர்களில் எர்ன்ஸ்ட் விட் என்ற திறமையான மாணவர் நாஜிப் படையின் பழுப்புச் சீருடையில் வந்து உட்கார்ந்தார். நோதர் எதுவும் சொல்லவில்லை, பாடம் நடந்தது. இந்தக் காட்சியை நோதரின் பரந்த மனசுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நான் பார்ப்பது வேறு. ஒரே பலகையைப் பார்த்து, ஒரே 'என்க'வை எழுதிக்கொண்டு, ஆசிரியையை நாட்டைவிட்டுத் துரத்துகிற இயக்கத்தின் உடுப்பில் ஒருவரால் உட்கார முடிகிறது. பலகையில் இருந்த எதுவும் அவரைத் தடுக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 2. எட்மண்ட் லாண்டாவ் நுண்கணித வகுப்புக்கு வருகிறார். அறை காலி, மாணவர்கள் வெளியே நின்று புறக்கணிக்கிறார்கள். தலைமை தாங்கியவர் ஆஸ்வால்ட் டெய்ஷ்முல்லர், இருபது வயது, அசாத்தியத் திறமைசாலி. லாண்டாவ் கேட்டுக்கொண்டதன்பேரில் காரணத்தை எழுதியே கொடுத்தார். லாண்டாவின் கணிதத் திறமையில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தொடக்கநிலை மாணவனுக்குப் பாடம் சொல்லும்போது கணிதத்தை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்க முடியாது, சொல்பவரின் இனமும் சேர்ந்து போகிறது, ஆகவே யூதர் ஒருவர் ஜெர்மன் இளைஞர்களுக்கு அதைச் சொல்லக் கூடாது என்பது வாதம். அறிவு நிலைசார்ந்தது, சொல்பவனின் இடத்திலிருந்து பிரிக்க முடியாதது என்று நாமும் எழுதியிருக்கிறோம். அந்த வாக்கியம் இன்னொருவர் கையில் என்ன ஆயுதமாகும் என்று பாருங்கள். அடுத்த ஆண்டு பெர்லினில் லுட்விக் பீபர்பாக் இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். அருவமான கணிதம் யூத மனசின் விளைச்சல், ஜெர்மன் மனசு கண்ணால் காணும் உருவத்தை நாடும் என்றார். 'ஜெர்மன் கணிதம்' என்று பத்திரிகையும் நடத்தினார். அருவத்தை மண்ணுக்கு ஒட்டாதது என்று திட்டும் பழக்கத்துக்கு இப்படி ஒரு வம்சாவளி உண்டு.

விநோதம் இதற்குப் பிறகுதான். டெய்ஷ்முல்லர் பீபர்பாக்கின் பத்திரிகையிலேயே நிறைய எழுதினார். எழுதியது கண்ணால் காணும் ஜெர்மன் கணிதமா? இல்லை, அருவத்திலும் அருவம். விட், டெய்ஷ்முல்லர் இருவரும் சேர்ந்திருந்த கோட்டிங்கன் இயற்கணித ஆய்வு வட்டத்திலிருந்து வந்த விட் வெக்டர்கள் இன்றும் உலகத்தின் எல்லாக் கணிதத்துறையிலும் பாடம். டெய்ஷ்முல்லர் 1943-இல் கிழக்குப் போர்முனையில் செத்தார். அவர் பெயரில் ஒரு கோட்பாடே இருக்கிறது. நோதரை விரட்டிய அறையில் நோதரின் மொழியிலேயே நல்ல கணிதம் கொஞ்ச காலம் நடந்தது. 'அருவம் மனிதனை உயர்த்தும்' என்பவர்களுக்கும் 'அருவம் அதிகாரத்தின் கருவி' என்பவர்களுக்கும் இங்கே பதில் கிடைக்காது. அந்த மொழியை எந்த உடுப்பும் பேசலாம். யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் இடம் வேறு, அதை அருவம் தீர்மானிப்பதில்லை.

நோதர் அமெரிக்காவின் பிரின் மார் பெண்கள் கல்லூரிக்குப் போனார். 1934-இலிருந்து வாரம் ஒருமுறை பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்திலும் உரை நிகழ்த்தினார். பெண்ணாக எதையும் உள்ளே விடாத ஆண்களின் பல்கலைக்கழகம் அந்த ஊர் என்று அவரே ஒரு கடிதத்தில் கிண்டலாக எழுதியிருக்கிறார். 1935 ஏப்ரல் 14, ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வயது 53. பன்னிரண்டு நாள் கழித்து ஹெர்மன் வெய்ல் நிகழ்த்திய நினைவுரை கணித உலகில் புகழ்பெற்றது. (இவர் ஜெர்மானியர், ஆந்த்ரே வெய்ல் வேறு.) அன்பும் நேர்மையும் உள்ள உரை. கோட்டிங்கனில் தன்னைவிட மேலான கணிதக்காரரான அவருக்குமுன் தான் பெரிய பதவியில் இருந்தது கூச்சமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறார். அதே உரையில் அழகுத் தேவதைகள் இவருடைய தொட்டிலருகே நிற்கவில்லை என்றும் சொல்கிறார். ஹில்பர்ட்டின் நினைவுரையில் அவர் மூக்கு எப்படி இருந்தது என்று யார் பேசினார்கள்? 1931-இல் இதே வெய்ல் ஓர் உரையில் அருவ இயற்கணிதம் பிழிந்தெடுக்கும் கச்சாப்பொருள் சீக்கிரம் தீர்ந்துபோகும், இனிவரும் தலைமுறைக்குக் கஷ்டம் என்று கவலைப்பட்டிருந்தார். நோதர் அதை ஏற்கவில்லை. தீர்ந்துபோகவில்லை என்பதை அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் காட்டிவிட்டன.

1932-இல் சூரிச்சில் கூடிய உலகக் கணித மாநாட்டில் நோதர் பொது அமர்வு உரை நிகழ்த்தினார். அப்படிப் பேசிய முதல் பெண். இரண்டாவது பெண் எப்போது பேசினார் தெரியுமா? 1990-இல், கியோட்டோவில், கேரன் உலென்பெக். நடுவில் 58 ஆண்டுகள். இந்த 58 ஆண்டும் கணிதம் ஆண், பெண் பார்ப்பதில்லை என்றுதான் எல்லாத் துறைகளிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே வருவோம். கணிதத்தில் 'க்ரூப்' என்பதற்கு நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்கள் வைத்த சொல் 'குலம்'. அரைக்குலம் உண்டு, எபீலியன் குலம் உண்டு. அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்று நாலு விதி. நாலும் நிறைவேறினால் குலம். உறுப்பு எங்கே பிறந்தது, எதனால் ஆனது என்று ஐந்தாவது விதி ஒன்று கிடையாது. தமிழில் பெரும்பாலும் பிறப்பைக் குறிக்கும் ஒரு சொல்லை எடுத்து, பிறப்பே இல்லாத ஒரு பொருளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ என்னவோ, எனக்கு இது பிடித்திருக்கிறது. 'குழு' என்று மாற்றிவிடலாம் என்கிறார் கணிதம் படித்த ஒரு நண்பர். வேண்டாம் என்பேன். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பையன் அல்லது பெண் 'ஜி என்பது ஒரு குலம் என்க' என்று எழுதும்போது, குலம் என்பது விதிகளால் ஆனது, விதிகளை மனிதர்கள் வைக்கிறார்கள் என்ற செய்தி சத்தமில்லாமல் உள்ளே போகட்டும்.

ஆனால் அந்தப் பெண் நாளைக்கு ஆய்வுரை நிகழ்த்தப் போகும் இடத்தின் விதி என்ன? மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டை உறுதி செய்யும் சட்டம் 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தோடு ஒரு விலக்குப் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கிறது. சிறப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேச மற்றும் கேந்திர முக்கியத்துவம் உள்ள நிறுவனங்கள் என்ற பெயரில் சில இடங்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பட்டியலில் உண்டு. ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் அங்கங்களும் உண்டு, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அவற்றில் ஒன்று. இந்தியாவில் இயற்கணிதம் பற்றிய உயர்தர உரைகள் நடக்கும் அறைகளில் இவை முன்னணியில் இருப்பவை.

விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே தகுதி மட்டும்தான் பார்க்கப்படும், தகுதிக்குப் பிறப்பில்லை. கேட்பதற்கு நோதரின் வளையம் மாதிரியே இருக்கிறது. ஆனால் நோதரின் வாக்கியத்தில் எந்த நிபந்தனைகள் பயன்படுகின்றன என்பது முதல் வரியில் எழுதப்பட்டிருக்கும், யாரும் சரிபார்க்கலாம். 'தகுதி' என்ற சொல்லின் நிபந்தனைகளை எங்கே எழுதிவைத்திருக்கிறார்கள்? 1915-இல் கோட்டிங்கன் தத்துவப் புலத்தில் நோதருக்குக் கணிதம் தெரியாது என்று எதிர்த்தவர்கள் வாதிடவில்லை. 1933-இல் லாண்டாவுக்கும் அப்படித்தான். தகுதி இருக்கிறது, ஆனால் இங்கே வேண்டாம் என்பதுதான் இரண்டு தடவையும் பதில்.

கணித அறிவியல் நிறுவனம் அணுசக்தித் துறையின் கீழ் வருவது. பட்டியலில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தோடு ஒரே வரிசையில் இடம்பெற்றது அந்த வழியாகத்தான். வளையக் கோட்பாட்டில் என்ன யுத்த ரகசியம் இருக்கிறது என்பதற்குச் சட்டத்தின் வாசகத்தில் விளக்கம் எதுவும் இல்லை.